ஒரே கேப்சூல், உள்ளே மூன்று மருந்துகள்

வணக்கம். மாரடைப்பு வந்தவர்களுக்கும் இதய இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயை வைத்துக்கொண்டவர்களுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் ஆகிய மூன்றையும் ஒன்றாக அடைத்த கேப்சூலை மருத்துவர்கள் எழுதித் தருவதுண்டு. விழுங்குவதற்கு இது வசதியானது. ஆனால் உள்ளே இருப்பவை மூன்று என்பதை அந்த வசதியே மறக்கச் செய்துவிடுகிறது.

இதோ, அட்டையின் பின்புறத்தைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். வணிகப் பெயர் பெரிதாகவும், ஆஸ்பிரின் 75 மி.கி., குளோபிடோக்ரெல் 75 மி.கி., அடோர்வாஸ்டாடின் 20 மி.கி. என்ற விவரம் பொடி எழுத்திலும் இருக்கின்றன. நீங்கள் படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். முன்பு தனியாக எடுத்துவந்த ஆஸ்பிரின் மாத்திரையை நிறுத்தாமல் இந்தக் கேப்சூலையும் சேர்த்துக்கொண்டால், ஒரே மருந்து இரு மடங்காகி இரத்தக் கசிவுக்கான வாய்ப்பு கூடிவிடும்.

அதைவிட என்னைக் கவலைகொள்ளச் செய்வது இன்னொன்று. அடோர்வாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் மருந்துகளால் சிலருக்குத் தசைவலி வரலாம். வலி வந்ததும், யாரையும் கேட்காமல் கேப்சூலையே நிறுத்திவிடும்போது, கொழுப்பைக் குறைக்கும் மருந்தோடு இரத்தம் உறைவதைத் தடுக்கும் இரண்டு மருந்துகளும் நின்றுபோகின்றன. புதிதாக ஸ்டென்ட் வைத்தவருக்கு, அதற்குள்ளேயே இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரும் ஆபத்து இதனால் உண்டாகிறது. எனவே தசைவலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூன்றையும் தனித்தனியாகக் கொடுத்து, ஸ்டாடினை மட்டும் குறைக்கவோ மாற்றவோ அவரால் முடியும். வலியுடன் சிறுநீர் அடர் பழுப்பு நிறமாகப் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டால், மறுநாள் இரண்டாக விழுங்க வேண்டாம். இரத்தம் உறைய உதவும் தட்டணு, ஆஸ்பிரினால் செயலிழந்தால், அதன் ஆயுளான 7 முதல் 10 நாட்கள் வரை மீள்வதில்லை என்பதால், முந்தைய நாட்களின் மருந்து ஓரளவு வேலை செய்துகொண்டுதான் இருக்கும். இதே காரணத்தால், அறுவை சிகிச்சை என்றால் முன்கூட்டியே இதய மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை, ஆனாலும் பல் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்குபவற்றிலும் கவனம் தேவை. இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டும்; இபுபுரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையும் கெடுக்கக்கூடும். அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல், கல்லீரலில் குளோபிடோக்ரெல் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுப்பதால், வயிற்றைக் காக்கப் பெரும்பாலும் பான்டோப்ரசோலையே தேர்ந்தெடுக்கிறார்கள். கிளாரித்ரோமைசின் என்னும் கிருமிக்கொல்லி இரத்தத்தில் அடோர்வாஸ்டாடினின் அளவை உயர்த்திவிடும்.

ஈறில் சிறு கசிவு, எளிதில் கன்றிப்போகும் தோல் ஆகியவற்றை அடுத்த சந்திப்பில் சொன்னால் போதும். தார் போன்ற கறுப்பு மலம், இரத்த வாந்தி, திடீரெனத் தாங்க முடியாத தலைவலி ஆகியவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு தட்டணுக்களைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஆகிய இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்கள் வரைதான் தேவைப்படும். அதன்பின் வழக்கமாக ஒன்று மட்டும் தொடரும். பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் அதே கேப்சூலை வாங்கிக்கொண்டிருக்காமல், எப்போது மாற்ற வேண்டும் என்பதைச் சீட்டிலேயே தேதியுடன் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.