ஜப்பான் அகழியின் களிமண் ஏன் வழுக்கியது?

[காட்சி: ஜப்பானின் வடகிழக்குக் கரை. வரைபடம் முழுக்கப் புள்ளிகள். ஒவ்வொன்றிலிருந்தும் மேற்கு நோக்கி ஒரு சிறிய அம்புக்குறி.]

இந்தப் புள்ளிகள் எல்லாம் ஜியோநெட் என்ற வலையமைப்பின் ஜிபிஎஸ் நிலையங்கள். நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. தரையில் ஊன்றிய எஃகுத் தூண், அதன் உச்சியில் ஓர் ஆன்டெனா, அவ்வளவுதான். செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை இரவு பகலாகப் பதிந்துகொண்டே இருக்கும். தூண் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கணக்கில் தெரிந்துவிடும்.

பூமியின் மேலோட்டுத் துண்டுகளில் ஒன்றான பசிபிக் தட்டு, ஆண்டுக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் வீதம் ஜப்பானைத் தாங்கும் தட்டுக்கு அடியில் புகுகிறது. இரண்டு தட்டுகளும் உரசும் இடம் நகராமல் இறுகிப் பிடித்துக்கொண்டால், மேலே இருக்கும் நிலமும் கூடவே தள்ளப்பட்டு நெரிபடும். 2011 நிலநடுக்கத்துக்கு முன் இந்த அம்புகள் காட்டியது அந்த நெரிசலைத்தான்.

ஆனால் எந்த இடத்தில் இறுகியிருக்கிறது? பசிபிக் தட்டு உள்ளே புகத் தொடங்கும் ஆழ்கடல் பள்ளம்தான் ஜப்பான் அகழி; அது கரையிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கடியில் கிடக்கிறது. அங்கே நடப்பது கரையிலுள்ள தூண்களை எட்டுவதே இல்லை என்று சொல்லலாம். அந்த இடைவெளியை ஓர் அனுமானம் நிரப்பியது: அகழியை ஒட்டிய பகுதி மென்மையான களிமண், அது விசையைச் சேர்த்து வைக்காது, நிலநடுக்கத்தின்போது ஆழத்திலிருந்து பரவிவரும் பிளவு அங்கே வந்தால் வேகம் குன்றி நின்றுவிடும்.

இதைக் குருட்டு நம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. களிமண்ணை மெதுவாக உரசும் சோதனைகளில், வேகத்தைக் கூட்டக் கூட்ட உராய்வும் கூடியது. அப்படிப்பட்ட பொருள் பிளவுக்குத் தடைபோடும் என்று நினைப்பது நியாயமே.

[காட்சி: 2011 மார்ச் 11. அம்புகள் ஒரே கணத்தில் கிழக்கே திரும்பி நீள்கின்றன.]

அன்று வந்த நிலநடுக்கம், ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் அளவில் அல்ல, நழுவிய பரப்பையும் தூரத்தையும் வைத்துக் கணக்கிடும் திருப்புத்திறன் அளவில் 9. ஓஷிகா தீபகற்பத்தின் நிலையம் 5.3 மீட்டர் கடலை நோக்கி நகர்ந்தது, 1.2 மீட்டர் தாழ்ந்தது. அதைவிடப் பெரிய செய்தி கடலுக்கடியில் இருந்தது.

ரேடியோ அலை கடல்நீரில் வெகுதூரம் செல்லாது. ஆகவே ஜப்பான் கடலோரக் காவல்படை ஒரு மாற்றுவழியைக் கையாண்டது. கப்பல் நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் சொல்லும். கப்பலிலிருந்து ஒலித்துடிப்பை அனுப்பினால், கடல்தரையில் வைத்த கருவி அதே ஒலியைத் திருப்பி அனுப்பும். போய்வர ஆன நேரம் தூரத்தைக் கொடுக்கும். நீரின் வெப்பத்தைப் பொறுத்தும் உப்பைப் பொறுத்தும் ஒலியின் வேகம் மாறும் என்பதால் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. பூகம்ப மையத்துக்கு அருகே இருந்த கருவி 24 மீட்டர் நகர்ந்திருந்தது. 1999இல் எடுத்த கடல்தரை வரைபடத்தோடு புதியதை ஒப்பிட்டபோது, அகழியின் விளிம்பில் நகர்வு ஏறத்தாழ 50 மீட்டர்.

தடுத்து நிறுத்தும் என்று எண்ணிய களிமண்தான் மற்ற இடங்களைவிட அதிகமாக வழுக்கியிருக்கிறது.

[காட்சி: சிக்யூ துளையிடும் கப்பல். குழாய் கீழே இறங்குகிறது.]

2012இல் சிக்யூ கப்பல் அகழிக்கே போனது. ஏறக்குறைய 6,900 மீட்டர் நீர், அதற்குக் கீழே 850 மீட்டர் துளை. வெளியே வந்த உருளையில் தட்டு எல்லை இருந்தது: செதில் செதிலாகப் பிரியும் கருத்த களிமண். இத்தனை பெரிய நகர்வைத் தாங்கிய அடுக்கின் தடிமன் 5 மீட்டருக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி ஸ்மெக்டைட் என்ற கனிமம்.

அந்த மண்ணில் ஒரு சிட்டிகை ஆய்வகத்துக்குப் போனது. திருகைக் கற்களைப் போல ஒன்றின் மேல் ஒன்று சுழலும் இரண்டு கல் உருளைகளுக்கு நடுவே வைத்து, இம்முறை மெதுவாக அல்ல, நொடிக்கு 1.3 மீட்டர் வேகத்தில், அதாவது நிலநடுக்கத்தின் வேகத்தில் சுழற்றினார்கள். உராய்வு சட்டென்று சரிந்தது. காரணம் நீர். உரசலின் சூட்டில் களிமண்ணுக்குள் இருக்கும் நீர் விரியப் பார்க்கிறது. களிமண் அதை வெளியே விடாது. அடைபட்ட நீரின் அழுத்தம் ஏறி, மேலிருந்து அழுத்தும் சுமையைத் தானே தாங்கிக்கொள்கிறது. பிடிப்பு போய்விடுகிறது.

துளைக்குள் விட்டுவந்த வெப்பமானிகள் இதற்கு இன்னொரு சாட்சி. நிலநடுக்கம் முடிந்து ஓராண்டுக்கு மேலாகியும் பிளவை ஒட்டி 0.31 டிகிரி கூடுதல் வெப்பம் எஞ்சியிருந்தது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் உராய்வுக் குணகம், அதாவது உராய்வின் பலத்தைச் சொல்லும் எண், சுமார் 0.08. பெரும்பாலான பாறைகளுக்கு ஆய்வகம் தரும் மதிப்பு 0.6 முதல் 0.85 வரை. சுழலும் கருவியும் வெப்பமானியும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வழிகள். இரண்டும் ஒரே பதிலைத் தந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்ப்பாக இருக்கிறது.

தெற்கே நான்காய் அகழியிலும் இதே கேள்வி எழுந்தது. அங்கே சிக்யூ முன்னதாகவே எடுத்து வைத்திருந்த பாறை உருளைகளில் நிலக்கரித் துணுக்குகள் கலந்திருந்தன. சூடுபட்ட துணுக்கு ஒளியைக் கூடுதலாகப் பிரதிபலிக்கும். அகழியின் முனைக்கு அருகிலேயே, பிளவை ஒட்டிய துணுக்குகள் 300 டிகிரிக்கு மேல் சூடேறிய அடையாளத்தைக் காட்டின. கடல்தரைவரை வேகமாக வழுக்கும் நிலநடுக்கம் அங்கேயும் நடந்திருக்கிறது.