துரை இல்லாமல் தோட்டம் ஓடுமா?

(காட்சி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பால்மரக் காடு, அதாவது ரப்பர் தோட்டம். விடியவில்லை. தலை விளக்கோடு ஒருவர் மரத்தடியில் குனிந்திருக்கிறார்.)

பால் வெட்டும் வேலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டோடு போக வேண்டும். பட்டையைச் சாய்வாக, மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். மங்கில், அதாவது மரத்தில் மாட்டிய கிண்ணத்தில், பால் சொட்டட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த மரம், அதற்கடுத்த மரம். பிறகு வாளியோடு திரும்பி வந்து எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். முழுக்க ஓர் ஆள் வேலை. பக்கத்து நிரைக்காரர் எந்த மரத்தில் நிற்கிறார் என்பது கூட இவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

இந்த ஓர் ஆள் வேலைக்கு மேலே எத்தனை படி! துரை (தோட்ட மேனேஜர்), சின்ன துரை, பெரிய கிராணி (தலைமைக் கணக்கர்), கண்டக்டர் (வெளிவேலை மேற்பார்வையாளர்), மண்டோர் (கங்காணி). 'மேலே ஆள் இல்லாவிட்டால் ஒரு வேலையும் நடக்காது' என்று நம் பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். சமுதாயத்துக்கும் பொருளாதாரத்துக்கும் மேல் கீழ் அடுக்கு கட்டாயம் வேண்டுமா என்ற பெரிய கேள்வியை இந்த மரத்தடியிலேயே வைத்துப் பார்க்கலாம்.

முதலில், துரை இல்லாமலே ரப்பர் வருகிறது. இன்று மலேசிய ரப்பர் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிறுதோட்டக்காரர்களுடையது. காலையில் பெரட்டு இல்லை, பேர் கூப்பிட ஆளில்லை. குடும்பமாக வெட்டி, பாலை உறைய வைத்து, டவுன் வியாபாரியிடம் போடுகிறார்கள். மரமும் கத்தியும் அதேதான்.

அப்படியானால் தோட்டத்து அடுக்கு எதற்கு? என் கணிப்பில், மரத்துக்காக அல்ல, ஆளுக்காக. கடல் தாண்டிக் கூட்டி வந்தவர்களைக் குறைந்த கூலியில் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. பால் ஸ்டோருக்கு வரும்போது இது நன்றாகத் தெரியும். பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க மெட்ரலாக் என்ற மிதவைக் கருவியைப் போடுவார்கள். அதில் தெரியும் எண்ணை வாசிப்பது தோட்டத்து ஆள், வெட்டியவர் அல்ல. அந்த எண்ணை வைத்துத்தான் எடை, எடையை வைத்துத்தான் காசு. அடுக்கின் பலம் துரையின் தொப்பியில் இருந்ததைவிட அந்தக் கருவியைக் கையில் வைத்திருந்ததில்தான் அதிகம்.

(காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படம். மண் ரோட்டில் சைக்கிள்.)

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. முன்னால் நின்றது ஆர்.எச். நாதன் இருந்த கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடையை மூடுவது, இப்படிக் கோரிக்கைகள். அவற்றோடு இன்னொன்று: துரையும் தோட்டத்து ஸ்டாஃபும் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சைக்கிளிலிருந்து இறங்குவதால் ஒரு சொட்டுப் பால் கூடுதலாக வருமா? பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள். நாதனை நாடு கடத்தினார்கள்.

சரி, மறுபக்கத்தையும் பார்ப்போம். செம்பனை, அதாவது பாமாயில் மரம், ரப்பர் மாதிரி இல்லை. குலையை வெட்டினால் ஒரு நாளுக்குள் மில்லுக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும். வெட்டுகிறவர், உதிரிப் பழம் பொறுக்குகிறவர், லாரி, மில் எல்லாம் ஒரே நேரக் கணக்கில் ஓட வேண்டும். ஒவ்வொரு லாரிக்கும் உட்கார்ந்து பேரம் பேச முடியாது. பேரம் பேசவே செலவாகிறது, அதனால்தான் கம்பெனி என்ற ஒன்று இருக்கிறது என்று பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1937-இல் சொன்னார். ஆகவே லாரிக்கு நேரம் குறிக்க ஓர் ஆள் வேண்டும், மறுக்க முடியாது. அவருக்கு யாரும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டாம், அவ்வளவுதான்.

அந்த ஆளைத் தொழிலாளியே வேலைக்கு வைத்தால்? வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்க, வேலையும் வீடும் போய் மக்கள் தவித்த காலத்தில், 1960-இல் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் இதே சுங்கை சிப்புட்காரர். தொழிலாளர்கள் தவணையில் பங்கு வாங்கினார்கள். சங்கம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது, பிறகு இன்னும் பல. தோட்டத்தில் மேனேஜரும் இருந்தார், மண்டோரும் இருந்தார். மாறியது சொத்து யாருக்கு என்பதுதான். அது சின்ன மாற்றம் இல்லை, ஆனால் அடுக்கு அப்படியே நின்றது.

சமூகவியலாளர் ராபர்ட் மிஷெல்ஸ் 1911-இலேயே இதை எழுதிவிட்டார். சமத்துவம் பேசிய ஜெர்மன் தொழிலாளர் கட்சியைப் பார்த்துவிட்டு, எந்த அமைப்பும் கடைசியில் சிலர் கைக்குள் போகும் என்றார். ஃபைலும் கணக்கும் யாரிடமோ அவரே தலைவர். கோவில் கமிட்டியில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'இங்கே தலைவரெல்லாம் கிடையாது, எல்லாரும் சமம்' என்கிற குழு இன்னும் ஆபத்து. முடிவெடுப்பவர் இருப்பார், யாரென்று கேட்கத்தான் முடியாது.

ஆனால் மிஷெல்ஸ் சொன்னது தலைவிதி இல்லை. ஸ்பெயினில் வலென்சியா விவசாயிகளின் நீர் நீதிமன்றம் இன்றும் வியாழக்கிழமை நண்பகலில் தேவாலய வாசலில் கூடுகிறது. நீதிபதிகள் அந்த விவசாயிகளே தேர்ந்தெடுத்த விவசாயிகள். இப்படிப்பட்ட அமைப்புகள் ஏன் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கின்றன என்று ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம் 2009-இல் நோபல் பரிசு பெற்றார். காவல் பார்ப்பவர் தண்ணீர் எடுப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் கண்ட காரணங்களில் ஒன்று.

நம்மவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். 10-ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுப்படி, அண்மையில் ஊர்ச் சபையின் வாரியத்தில் (கமிட்டியில்) இருந்தவர் உடனே மறுபடி வர முடியாது. கணக்குக் காட்டாதவர் வரவே முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும்தான். அது நிலம் வைத்திருந்த பிராமணர்களின் சபை, எல்லாருக்கும் இடமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் அந்தக் கணக்கு விதியை மட்டும் நம் ஊர்க் கமிட்டிகளில் வைத்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? கமெண்ட்டில் எண்ணிக்கையைப் போடுங்கள். பெயர் வேண்டாம்.