வியாசர்பாடி என்று சொல்லக் கூச்சப்படும் பையன்: சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் தள்ளிவைக்க முடியவில்லை, அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். வடசென்னை வியாசர்பாடியிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் பத்தாவது படிக்கிறான். கொஞ்ச நாளாக எதைச் சொன்னாலும் "நான் வேஸ்ட்டும்மா, வுட்டுடு" என்கிறான். "நீங்கள் சொன்னபடி தினமும் அவனை, நீ புத்திசாலிடா, உன்னால் முடியாதது எதுவுமே இல்லடா என்று பாராட்டிக்கொண்டே இருக்கிறேன், அவன் என் மேலேயே எரிந்து விழுகிறான், என்ன செய்வது?" இதுதான் கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: டியூஷனில் யாராவது எந்த ஏரியா என்று கேட்டால் வியாசர்பாடி என்று சொல்லாமல், பக்கத்து ஏரியாவான பெரம்பூர் பேரைச் சொல்கிறானாம்.

அம்மா, புத்திசாலி என்று சொல்லிக்கொண்டே இருங்கள் என்று நான் எந்த வீடியோவிலும் சொன்னதில்லை. வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நான் சலிக்கச் சலிக்கச் சொல்வது வேறு: பிள்ளைக்கு ஒரு வேலையைக் கொடுங்கள், நிஜமான வேலை, அவன் செய்யாவிட்டால் வீட்டில் ஏதோ ஒன்று நின்றுபோகிற வேலை. "வந்துட்டாருப்பா வேலை கொடுக்கிறவர்" என்று கமெண்டில் கிண்டல் செய்கிறீர்கள், பரவாயில்லை, இன்னொரு தடவை சொல்கிறேன்.

அவன் ஏன் எரிந்து விழுகிறான்? கணக்கில் 38 வாங்கினான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது அவனுக்குத் தெரியும். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட அம்மாவே நீ புத்திசாலி என்றால், ஒன்று அம்மாவுக்கு விஷயம் புரியவில்லை, இல்லையென்றால் ஆறுதலுக்காகப் பொய் சொல்கிறார் என்றுதானே எடுத்துக்கொள்வான்? 1998இல் அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இருவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதலில் செய்யக்கூடிய புதிர்கள். முடித்ததும் சில பிள்ளைகளிடம் நீ புத்திசாலி என்றார்கள், சிலரிடம் நன்றாக உழைத்திருக்கிறாய் என்றார்கள். அப்புறம் கஷ்டமானதைக் கொடுத்துத் திணறவைத்துவிட்டு, மூன்றாவதாகப் பழையபடி சுலபமானதைக் கொடுத்தால், புத்திசாலி என்று பேர் வாங்கிய பிள்ளைகள் முதலில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். வாங்கிய மார்க்கை வேறு பிள்ளைகளுக்கு எழுதிச் சொல்லச் சொன்னபோது கூட்டி எழுதியதும் இவர்கள்தான் அதிகம். பட்டம் கொடுத்தாயிற்று, இனி அதைக் காப்பாற்றியாக வேண்டுமே!

நம்ம பக்கத்துக் கேரம் கிளப் ஒன்றில் போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஒரு பையன் ரெட் காயைப் போட்டுவிட்டு, அதைத் தக்கவைக்க உடனே போட வேண்டிய அடுத்த காயை, அதாவது ஃபாலோவை, தவறவிடுகிறான், ரெட் திரும்ப நடுவுக்கு வருகிறது. பக்கத்தில் நிற்கிற அண்ணன் அவனைத் திட்டுவதும் இல்லை, புலி சிங்கம் என்று ஏற்றிவிடுவதும் இல்லை. "இன்னா அவசரம், காய் எங்க படுதுன்னு பாரு, விரல லூசா வெச்சி அடி." அவ்வளவுதான். அடுத்த ஆட்டத்தில் அவன் விரலைத் தளர்த்துகிறான், காய் விழுகிறது, விழுந்ததை அவன் கண்ணாலேயே பார்க்கிறான். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள், அப்போது வயது 17. அதற்காக நாளைக்கே பையனைக் கோச்சிங்கில் சேர்த்துவிட்டு மெடல் எங்கே என்று கேட்காதீர்கள், அது வேறு தலைவலி.

வீட்டு வேலைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பாட்டிக்குச் சுகர். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதைப் பேரனிடம் விட்டார்கள், அவனுக்கும் இதே வயதுதான், இதே பேச்சுதான். ஓபி சீட்டு வாங்குவது, பாட்டியை உட்காரவைத்துவிட்டு வரிசையில் நிற்பது, டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்வது, மாத்திரை வாங்கி எது சாப்பாட்டுக்கு முன்னால் எது பின்னால் என்று கவர் மேல் பேனாவால் எழுதிவைப்பது, எல்லாம் அவன் பொறுப்பு. முதல் தடவை பழைய சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். அவன் அம்மாவுக்கு "நானே போயிருப்பேன்" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கிறது, சொல்லவில்லை. அடுத்த தடவையும் அவனையே அனுப்பினார். இப்போது பாட்டி தெருக்குழாயடியில் யாரைப் பார்த்தாலும் "எம்பேரன் இல்லாம நான் ஆஸ்பத்திரி போறதில்ல" என்கிறார், அது அவன் காதிலும் விழுகிறது. உங்கள் வீட்டில் அது கரண்ட் பில்லாக இருக்கலாம், தம்பிக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பதாக இருக்கலாம். பள்ளிக்கூடத்தைக் கெடுக்காத வேலையாக இருக்க வேண்டும், தப்பு செய்தால் திரும்பப் பிடுங்கக் கூடாது.

நடுவில் ஒன்று. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று பேசுகிறான் என்றால் வேலை கொடுக்கிற கதையெல்லாம் அப்புறம். 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள். உடனே பேசுங்கள்.

இப்போது பெரம்பூருக்கு வருகிறேன். நீங்கள் இதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும் அம்மா. அவனுக்கு அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது? சினிமாவில் ரவுடி என்றால் நம்ம ஏரியா. வேலைக்குப் போன இடத்தில் விலாசத்தைப் பார்த்ததும் எதிரில் இருக்கிறவர் முகம் மாறியது என்று படித்து முடித்த பிள்ளைகள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அது வெளியே. வீட்டுக்குள்ளே? சொந்தக்காரர் கல்யாணத்தில் எங்கே இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் நீங்களும் "பெரம்பூர் பக்கம்" என்றுதான் சொல்கிறீர்களோ? கோபப்படாதீர்கள், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்பவர்கள் பிள்ளைகளிடம் 20 கேள்விகள் கேட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள், இப்படி. விடை அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும் அதிகமாக இருந்தது. உட்காரவைத்து மனப்பாடம் செய்யவைத்தால் வந்துவிடாது, வீட்டில் சேர்ந்து பேசுகிற பழக்கம்தான் விஷயம் என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, ஓட்டேரிப் பக்கத்துப் பழைய குடும்பம் என்றால் யாராவது ஒருவர் ஹார்பரிலோ பின்னி துணி மில்லிலோ வேலை பார்த்திருப்பார். அந்த மில் ஆட்களை வைத்துத்தான் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்வார்கள். பி.பி. வாடியா என்பவர் அதன் தலைவர், திரு.வி.க. கூடவே நின்றார். உங்கள் மாமனாரோ அவருடைய அப்பாவோ என்ன வேலை பார்த்தார், ஸ்டிரைக் நாளில் வீட்டில் எப்படி அடுப்பெரிந்தது, இதெல்லாம் உங்கள் பையனுக்குத் தெரியுமா? உங்களுக்கே தெரியாதென்றால் இன்னும் நல்லது. தெரிந்த பெரியவரிடம் அவனை அனுப்பிக் கேட்டுவரச் சொல்லுங்கள், அதுவும் வேலைதான். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

அடுத்த கேள்வி எண்ணூரிலிருந்து, பரீட்சை முடிகிற வரைக்கும் மொபைலைப் பிடுங்கி வைக்கலாமா என்று ஓர் அப்பா கேட்கிறார்.