ராணுவ அணு உலைக்குக் கதிர்வீச்சுச் சட்டம் பொருந்தாதா?

அடுத்த கேள்வி. "ஆஸ்பத்திரியில் ஒரு எக்ஸ்ரே மெஷின் வைக்கவே லைசென்ஸ் வேண்டும், அப்படியானால் அணு உலையோடு சுற்றுகிற நீர்மூழ்கிக் கப்பலை யார் சோதிப்பார்கள்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

பெரும்பாலும் அந்த நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆட்களேதான். பொதுச் சட்டம் பல இடங்களில் ராணுவத்தின் வாசலோடு நின்றுவிடும்.

2000 மே மாதம், பிரிட்டனின் 'டயர்லெஸ்' நீர்மூழ்கி மத்தியதரைக் கடலில் இருந்தபோது உலையைக் குளிர்விக்கும் குழாயில் விரிசல் விழுந்து நீர் கசிந்தது. ஜிப்ரால்டர் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, கிட்டத்தட்ட ஒரு வருடம் அங்கேயே வைத்துப் பழுது பார்த்தார்கள். பக்கத்திலேயே ஸ்பெயினின் லா லீனியா ஊர், மக்கள் கொதித்துப்போய்த் தெருவில் இறங்கினார்கள். கதிர்வீச்சு விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் 1989-லேயே விதி இருக்கிறது. அதை வைத்துத்தான் ஐரோப்பிய ஆணையம் பிரிட்டன் மேல் வழக்குப் போட்டது. 2006-இல் தீர்ப்பு வந்தது: யூராட்டம் ஒப்பந்தம் (ஐரோப்பிய நாடுகளின் அணுசக்தி ஒப்பந்தம்) ராணுவப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது, அதனால் அதன்கீழ் வந்த இந்த விதியும் பொருந்தாது. வழக்குத் தள்ளுபடி.

எனக்கு இதில் உடன்பாடே இல்லை. கப்பல் எங்கே போகிறது, உலை எப்படிக் கட்டியிருக்கிறது, அதெல்லாம் ரகசியமாகவே இருக்கட்டும். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்க வேண்டுமா, கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டைக் காக்கும் அயோடின் மாத்திரை எங்கே கிடைக்கும், இதைக் கரையில் குடியிருப்பவரிடம் சொல்வதில் என்ன ராணுவ ரகசியம் இருக்கிறது?

அப்புறம், இது சீருடை போட்டவர்கள் விஷயம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அணு ஆயுத வேலையும் நடக்கிற பாபா அணு ஆராய்ச்சி மையத்தையும் அதன் ஆலைகளையும் 2000-இல் மத்திய அரசு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து எடுத்துவிட்டது. அந்த மையமே தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. அதன்கீழ் வருகிற, பயன்படுத்திய அணு எரிபொருளைப் பிரித்தெடுக்கும் கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலையில் 2003 ஜனவரி 21 அன்று ஒரு வால்வு பழுதாகி, கதிரியக்கம் அதிகமுள்ள கழிவு, கதிரியக்கம் குறைந்த கழிவுக்கான தொட்டிக்குள் வந்துவிட்டது. அது தெரியாமல் மாதிரி எடுக்கப் போன ஊழியர்கள் உட்பட 6 பேர் ஆண்டு வரம்பை மிஞ்சிய கதிர்வீச்சை வாங்கிக்கொண்டார்கள். அந்த இடத்தில் கதிர்வீச்சைக் காட்டும் மானிட்டரே இல்லை. ஊழியர் சங்கம் கடிதம் எழுதி, வேலைநிறுத்தம் வரை போய், மாதக்கணக்கான பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஆகவே கல்பாக்கம் பக்கம் இருக்கிற நேயர்களும் இந்தக் கேள்வியைத் தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.