பட்டை உரித்த கைகள்

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம். புலிக்காட்டைக் காப்பது சட்டமா, காட்டோரத்து மக்களா என்பதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர், 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் வந்தது, 2006-ல் 1,411 என்று கணக்கிட்ட புலி 2022-ல் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது, எல்லாம் சட்டத்தால்தான் என்று சொல்லி அமர்ந்தார். சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ராஜஸ்தானில் சரிஸ்கா என்று ஒரு காப்பகம் இருக்கிறதே, அங்கேயும் இதே சட்டம்தான் இருந்தது, இதே காக்கி உடைதான் இருந்தது, 2005-ல் தேடிப் பார்த்தால் ஒரு புலிகூட இல்லை. கள்ளவேட்டையில் அத்தனையும் போய்விட்டது. 2008-ல் அதே மாநிலத்து ரணதம்போர் காப்பகத்திலிருந்து ஹெலிகாப்டரில் புலியைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. தோழரே, சட்டம் அன்றைக்கும் அங்கேதான் இருந்தது, புலிதான் இல்லை.

சரி, அவ்வளவு தூரம் போக வேண்டாம், நமக்குப் பக்கத்திலேயே வாருங்கள். கம்பத்திலிருந்து மலை ஏறினால் குமுளி, அதை ஒட்டித் தேக்கடி. 1895-ல் கட்டிய முல்லைப்பெரியாறு அணையின் ஏரியைச் சுற்றி இருக்கிற பெரியாறு புலிகள் காப்பகம் அது, 1978-லிருந்து புலிகள் காப்பகம். அந்தக் காட்டில் வயணா என்று ஒரு மரம், நம் இலவங்கப்பட்டைக்குச் சொந்தம். அதன் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றே பிழைத்த ஒரு கூட்டம் இருந்தது. நாள்கணக்கில் காட்டுக்குள்ளேயே தங்கி, கையில் கிடைத்ததை வேட்டையாடித் தின்று, பட்டையை மூட்டை கட்டி இருட்டில் தலைச்சுமையாக இறக்குவார்கள். கொழுத்த லாபம் கீழே இருந்த வியாபாரிக்கு, வழக்கும் ஜெயிலும் சுமந்தவனுக்கு. ஜாமீனுக்கும் வக்கீலுக்கும் பணம் வேண்டும், அதற்காக மறுபடியும் காட்டுக்குத்தான் போவான். பிடித்து உள்ளே போட்டுக்கொண்டே இருந்தார்கள், மரமும் செத்துக்கொண்டே இருந்தது.

1998-ல்தான் இது மாறியது. அப்படிப்பட்ட 23 பேரிடம் வனத்துறை உட்கார்ந்து பேசியது. வழக்குகளைத் திரும்பப் பெறுகிறோம், காட்டை உங்கள் அளவுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை, நீங்களே காவலுக்கு வாருங்கள் என்றது. வந்தார்கள். பயணிகளை ஓரிரண்டு இரவு காட்டுக்குள் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைத்துத் திரும்பக் கொண்டுவரும் நடைப்பயணத்தை அவர்களே நடத்தினார்கள். அந்த வருமானத்தில் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது, நடந்த நடையெல்லாம் ரோந்தாகவும் ஆனது. எந்தத் தடத்தில் பட்டை இறங்கும், எந்த ஓடையோரம் சுருக்கு வைப்பார்கள் என்று பழைய ஆளுக்குத் தெரியாதா? அப்புறம், நம் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து ஏறி வேட்டையாடியவர்களும் ‘விடியல்’ என்ற பெயரில் குழுவாகக் காவலுக்கு வந்தார்கள். இதை இந்த மேடையில் சொல்ல எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

நானும் ஒருமுறை அந்தக் காட்டில் நடந்திருக்கிறேன். அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரை துணி உறை மாட்டி, அதன்மேல் மூக்குப்பொடியைத் தூவிவிட்டார் வழிகாட்ட வந்த அண்ணன். அரைமணி நேரம் நடந்திருப்போம், கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். ஈரமண்ணில் ஒரு தடம். அவர் குனியவில்லை, கண்ணால் பார்த்தே, “ராத்திரி மழை விட்டதுக்கு அப்புறம் போயிருக்குங்க, ஓரத்துல மண்ணு இன்னும் சரியல பாருங்க” என்றார். எனக்கு அது வெறும் குழியாகத்தான் தெரிந்தது. தோழரே, நீங்கள் பெருமையாகச் சொன்ன அந்த மூவாயிரம் என்ற கணக்கு இருக்கிறதே, அதற்கு முதல் வேலையே காட்டுக்குள் கால்நடையாகப் போய் இப்படித் தடம் தேடுவதுதான். கேமராவை எந்த மரத்தில் கட்டுவது என்று முடிவாவது அதற்குப் பிறகு.

குமுளியில் வசந்தசேனை என்று பெண்கள் குழு ஒன்று உண்டு. வீட்டு வேலையை முடித்துவிட்டு, முறை வைத்து, காட்டோரம் ரோந்து போவார்கள். சம்பளம் கிடையாது. எந்தச் சட்டமும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. அங்கே வாழும் மன்னான் பழங்குடி மக்களின் மிளகுத் தோட்டங்கள் கடனுக்காக வெளியார் கையில் சிக்கிக் கிடந்தன, அவற்றை மீட்டுக் கொடுத்த பிறகுதான் அவர்களும் காட்டை நம்பிப் பிழைக்கும் கட்டாயத்திலிருந்து கொஞ்சம் வெளியே வந்தார்கள். சபரிமலைக்கு மாலை போட்டுப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். கோயிலே இந்தக் காப்பகத்துக்குள்தான் இருக்கிறது. சீசனில் காட்டுப்பாதையில் நீங்கள் தாகத்துக்கு நிற்கிற கடைகளில் பலவற்றை நடத்துவதும் காட்டோரத்து மக்களின் குழுக்கள்தான்.

குற்றம் செய்தவனுக்கு மன்னிப்பும் வேலையும் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் திருட மாட்டார்களா என்று எதிரணி அம்மா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அம்மா, அங்கே யாரையும் சும்மா விட்டுவிடவில்லை. காட்டை விட்டு வா என்று சொல்லவில்லை, காட்டுக்குள்ளேயே நட, இந்த முறை எல்லோரும் பார்க்க நட என்றார்கள். பக்கத்திலேயே துப்பாக்கியோடு வனக்காவலரும் நடக்கிறார். அந்தக் காவலரையும் அன்றைக்கு இறங்கிவந்து பேசிய அதிகாரிகளையும் நான் எங்கள் அணியில்தான் சேர்ப்பேன், ஏனென்றால் சட்டப்புத்தகத்தில் அன்று அப்படி ஒரு பக்கமே கிடையாது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். இந்த வேலையெல்லாம், இதற்கு வந்துகொண்டிருந்த வெளிநாட்டு நிதி நின்ற பிறகும் நடக்க வேண்டும் என்று பெரியாறு அறக்கட்டளையைத் தொடங்கியது 2004-ல். ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் இப்படி ஓர் அறக்கட்டளை இருக்க வேண்டும் என்று வனவிலங்குச் சட்டத்தில் திருத்தம் வந்தது 2006-ல். எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு தீர்ப்பு சொல்லுங்கள், நடுவர் அவர்களே.