மூஞ்சியில கறுப்பு, கையில க்ரீம் ட்யூபு

வணக்கம் நேயர்களே. மூஞ்சியில விழுற கறுப்பு மாதிரி விஷயத்துக்கு வழக்கமா டாக்டரத்தான் பேசக் கூப்பிடுவாங்க, இன்னிக்கு என்னமோ மருந்துக்கடைக்காரன் என்னையக் கூப்பிட்டு மைக்கு முன்னாடி உக்கார வச்சிருக்காங்க. மதுர சிம்மக்கல் பக்கம் 22 வருஷமா மெடிக்கல் வச்சிருக்கேன், கவுண்டர்ல நின்னு பாத்தத சொல்றேன், அவ்வளவுதான்.

ஆம்பளப் பசங்க க்ரீம் கேக்க வர்ற அழகே தனி. மொதல்ல ஒரு தலவலி மாத்திரை வாங்குவாங்க, பக்கத்துல நிக்கிற பொம்பளையாளு போற வரைக்கும் போனப் பாத்துக்கிட்டே நிப்பாங்க, அப்புறம் மெதுவா "அண்ணே, மூஞ்சியில கறுப்பு கறுப்பா விழுந்துருக்கு, பளிச்சுனு ஆகுற மாதிரி ஒண்ணு குடுங்க"ம்பாங்க. காலேஜ் பசங்க, மார்க்கெட்ல லோடு ஏத்துற தம்பிக, டவுன்பஸ் கண்டக்டர், பைக்ல சாப்பாடு டெலிவரி பண்ற பயலுக. முக்காவாசிப் பேருக்கு நெத்தியும் மூக்கும் எண்ணெய் தடவுன தோசக்கல்லு மாதிரி மினுங்கும்.

அந்த எண்ணெய்க்கு காரணம் ஆம்பள ஹார்மோன்தான். வயசுக்கு வந்ததும் அது எண்ணெய்ச் சுரப்பிய கிளப்பி விடுது, எண்ணெயும் செத்த தோலும் சேந்து துவாரத்த அடைச்சு பரு வருது, பரு ஆறுன எடத்துல கறுப்பு தங்குது. நம்மூரு தோல்ல புண்ணு வந்தாலே நிறமி கூடுதலா சுரந்துரும், கொசு கடிச்ச எடம் கூட மாசக்கணக்குல கறுப்பா நிக்கிதுல்ல, அதே கததான். ஆனா நம்ம ஆளுக எல்லாத்தையும் கரும்புள்ளின்னே சொல்றோம் பாருங்க, அங்கதான் கொழப்பம். மூக்கு மேல குத்து குத்தா இருக்குறது துவாரத்துல அடச்ச எண்ணெய் காத்து பட்டு கறுத்தது, அது அழுக்கு கூட கிடையாது. கன்னத்துல தட்டையா இருக்குறது பருவோட வடு. ரெண்டு கன்னத்துலயும் பட்டையா படர்றது மங்கு, அது ஆம்பளைக்கும் வரும். மூணுக்கும் வைத்தியம் வேற வேற, ஒரே ட்யூப வாங்கி மூணுக்கும் தேச்சா எப்படி?

இப்ப அந்த ட்யூபு கதைக்கு வர்றேன். 1975ல அமெரிக்காவுல கிளிக்மன், வில்லிஸ்னு ரெண்டு பேரு, நிறமி சுரக்குறத கொறைக்கிற ஹைட்ரோகுயினோன், தோல உரிச்சு புதுசாக்குற ட்ரெட்டினாயின், கூட வீக்கத்த அடக்குற ஒரு ஸ்டீராய்டு, மூணையும் கலந்து நிறமியக் கொறைக்கிற மருந்து ஒண்ணு சொன்னாங்க. அந்த வழியில வந்த கலவைதான் இன்னிக்கு வேற வேற பேர்ல ஓடுது. டாக்டர் பாத்து கொஞ்ச நாளைக்குன்னு எழுதிக் குடுத்தா அது மருந்து, நம்மாளு சலூன்ல யாரோ சொன்னாங்கன்னு வாங்கி வருஷக்கணக்கா பூசுனா மொகம் போச்சு. மொத ரெண்டு வாரம் நெசமாவே பளிச்சுனு இருக்கும், அதுலதான் ஏமாந்துர்றாங்க. அப்புறம் தோல் மெலிஞ்சு ரத்தக்கொழாய் செவப்பா தெரியும், பரு கொத்துக்கொத்தா கெளம்பும், நிறுத்துனா வெயில்ல மொகம் எரியும், எரியுதேன்னு மறுபடி அதையே பூசுவாங்க. 2018ல இந்த ஸ்டீராய்டு க்ரீம் பலதையும் ஷெட்யூல் எச்ல கொண்டாந்துட்டாங்க, அதாவது டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது. அதுக்கு முன்னாடி நானும்தான் கேட்டவங்களுக்கெல்லாம் எடுத்துக் குடுத்தேன், மறைச்சு என்ன ஆகப் போகுது. ஒரு கண்டக்டர் தம்பி மூணு வருஷம் என் கடையிலதான் வாங்குனாப்ல, ஒரு நா கர்ச்சீப்ப மொகத்துல பொத்திக்கிட்டு வந்து நின்னாப்ல பாருங்க, எனக்கு பேச்சே வரல. இப்ப சீட்டு இல்லாம வந்தா இல்லன்னு சொல்லிருவேன், வேற கடையில தர்றாங்களேன்னு சண்டைக்கு வர்றவுங்களும் உண்டு, வரட்டும்.

அப்ப என்னதான் செய்யிறது? மொதல்ல புதுப் பரு வர்றத நிப்பாட்டணும், கொழாய மூடாம தரையத் தொடச்சா ஈரம் காயுமா? ஒரு நாளைக்கு ரெண்டு தடவ மைல்டான ஃபேஸ்வாஷ், அதுக்கு மேல கழுவ வேணாம். அடைப்புக்கு 2 சதவீத சாலிசிலிக் ஆசிட், அது எண்ணெய்ல கரையுற சரக்கு, அதனால துவாரத்துக்குள்ள எறங்கும். ராத்திரி பூசுற அடாபலீன் ஜெல்லும் துவாரம் அடைக்காம பாத்துக்கும், ஆனா அத டாக்டர் சொல்லி போடணும், மொத சில வாரம் தோலு உரியும், பயந்து விட்டுறாதீங்க. கறுப்புக்கு நியாசினமைடு, அசெலாயிக் ஆசிட், ரெண்டும் சாது, அசெலாயிக் பருவுக்கும் கேக்கும். எதப் போட்டாலும் ரெண்டு மூணு மாசம் பொறுக்கணும், ஆழமா எறங்குன கறுப்புன்னா வருஷம் கூட ஆகும். முகூர்த்தம் பத்து நாள்ல வச்சுக்கிட்டு வந்து நிக்கிற மாப்பிள்ளைக்கு என்கிட்ட மருந்து இல்ல.

வெயிலத் தடுக்குற க்ரீம், சன்ஸ்கிரீன்னு சொன்னா "அது பொம்பளைக போடுறதுண்ணே"ன்னு சிரிப்பாங்க. மதுர வெயில்ல பெரியார் ஸ்டாண்டுலருந்து மாட்டுத்தாவணி வரைக்கும் பைக்ல போற மூஞ்சிக்கு அது இல்லாம வேற எத போட்டும் பாதிதான் பலன், ஏன்னா வெயிலு அழிஞ்ச கறுப்ப திரும்ப எழுதிரும். எண்ணெ மூஞ்சிக்கு ஜெல் மாதிரி உள்ளது வாங்குங்க, வெயிலத் தடுக்குற அளவு, ட்யூபுல எஸ்.பி.எஃப்.னு போட்டுருக்கும், அது 30க்கு கொறையாம, ரெண்டு வெரல் நீளத்துக்கு எடுத்து மொகம் கழுத்து ரெண்டுலயும். எலுமிச்சம்பழம் தேச்சுட்டு வெயில்ல போறவுங்க மட்டும் தயவுசெஞ்சு நிறுத்துங்க, அந்தச் சாறு வெயிலோட சேந்து தோலையே பொசுக்கி புதுசா கறுப்பாக்கும். பருவுல பல் வெளக்குற பேஸ்ட்டு பூசவும் வேணாம், பருவ கிள்ளவும் வேணாம். ஷேவிங்ல முடி போற தெசையிலயே எடுங்க, எதுத்து எடுத்தா முடி உள்ள சுருண்டு பருவாகி தாடையெல்லாம் கறுக்கும்.

இன்னொண்ணு, பின்கழுத்துல வெல்வெட்டு மாதிரி தடிப்பா கறுப்பு வந்தா பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ப்பாங்க. அது அழுக்கில்லங்க, பெரும்பாலும் உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாததோட அறிகுறி, தேய்க்காம போயி சுகர் டெஸ்ட் எடுங்க. காசு இல்லன்னா பெரியாஸ்பத்திரியில தோலுக்கு தனிப் பிரிவே இருக்கு, காலையிலயே போயி சீட்டு போட்டுருங்க. போகும்போது இப்ப பூசுற ட்யூப பைல போட்டு எடுத்துட்டுப் போங்க, பேரு மறந்துருச்சுன்னு சொன்னா டாக்டர் பாவம் எத வச்சு கண்டுபிடிப்பாரு. அவரு நிறுத்துறதா இருந்தாலும் எப்படி நிறுத்துறதுன்னு சொல்லித்தான் நிறுத்துவாரு.