மார்னரை இழந்தது இந்தக் கோடையில் அல்ல! | மேப்பிள் லீஃப்ஸ் அணியின் 2025 கோடைக் கணக்கு

ஆண்டுக்கு 12 மில்லியன் டொலர் பெறும் ஒரு வீரரைக் கொடுத்து, ஒரு ரூவா வாங்கியிருக்கிறோம்.

பகிடி அல்ல. மிட்ச் மார்னரை அனுப்பிவிட்டு எங்கள் ஐஸ் ஹொக்கி அணியான ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் பெற்றுக்கொண்டவரின் பெயர் நிக்கொலா ருவா. சட்டையின் முதுகில் இருக்கும் எழுத்தைப் பார்த்து "ராய்" என்று வாசித்துவிடாதீர்கள். அவர் கியூபெக்கின் ஆமோஸ் ஊர்க்காரர். பிரெஞ்சு உச்சரிப்பில் அது ருவா. அரசன் என்று பொருள். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் தொலைக்காட்சியில் முதன்முறை ஒலித்தபோது அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்: "எத்தனை ரூவா, தம்பி?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த வீடியோ.

[திரையில்: 2025 ஜூன் 30]

வணக்கம். ஸ்காபரோவிலிருந்து ஒரு லீஃப்ஸ் ரசிகன் பேசுகிறேன். 2025 செப்டம்பர் பிறந்துவிட்டது, பயிற்சி முகாம் தொடங்கப்போகிறது, அதற்குள் இந்தக் கோடையின் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவோம். ஹொக்கி பார்க்காதவர்களும் இருங்கள். இதில் வரி இருக்கிறது, சீதனம் இருக்கிறது, நீதிமன்றம் கூட இருக்கிறது.

பின்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கே வலிக்கிறது. லீஃப்ஸ் கடைசியாக லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது 1967-இல். 2016-இல் ஓஸ்டன் மத்தியூஸும் மார்னரும் அணிக்குள் வந்த பிறகு ஒன்பது ஆண்டுகளும் தவறாமல் பிளேஓஃப் (பருவம் முடிந்ததும் கிண்ணத்துக்காக நடக்கும் இறுதிச் சுற்றுத் தொடர்கள்) சென்றோம். வென்ற தொடர்கள் இரண்டு. 2018-இலிருந்து 2025 வரை, இரு அணிக்கும் தோற்றால் வீட்டுக்கு என்ற தீர்மான ஆட்டங்கள் ஏழு ஆடினோம். ஏழிலும் தோல்வி. கடைசியாக மே 18 அன்று, சொந்த அரங்கில், புளோரிடா பாந்தர்ஸிடம் 6-1. அந்தத் தொடரில் முதல் இரண்டு ஆட்டங்களையும் நாம்தான் வென்றிருந்தோம். போதும், நகர்வோம்.

இப்போது ஜூன் 30. மறுநாள் நண்பகல் 12 மணிக்கு மார்னரின் ஒப்பந்தம் முடிகிறது, அதன் பிறகு அவர் எந்த அணிக்கும் போகலாம். அதற்கு முந்தைய நாளான அன்று லீஃப்ஸ் என்ன செய்தது தெரியுமா? எட்டு ஆண்டுகளுக்கு 96 மில்லியன் டொலர் என்று அவருடன் ஒப்பந்தம் போட்டது! போட்ட கையோடு லாஸ் வேகஸ் அணிக்கு அனுப்பிவிட்டது.

ஏன் இந்தக் கூத்து? அப்போதைய லீக் விதிப்படி ஒரு வீரருக்கு எட்டு ஆண்டு ஒப்பந்தம் தரக்கூடியது அவருடைய சொந்த அணி மட்டுமே. வெளி அணி தந்தால் ஏழுதான். ஆகவே பெண் யாரைக் கட்டப்போகிறாள் என்று ஊருக்கே தெரிந்த பிறகு, தாய்வீட்டுக்காரர் தங்கள் செலவில் எழுத்து எழுதி, எட்டாவது ஆண்டைச் சீதனமாக வைத்து அனுப்பியதுபோல ஆயிற்று. பதிலுக்கு மாப்பிள்ளை வீட்டார் தந்தது ருவா.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விவரம். மார்னரும் ருவாவும் ஒரே ஆண்டில், 2015-இல், லீக்கின் புதுமுகத் தேர்வில் எடுக்கப்பட்டவர்கள். மார்னர் நான்காவது ஆள். ருவா 96-ஆவது ஆள். மார்னரின் புதிய ஒப்பந்தம் எத்தனை மில்லியன்? 96. இப்படி ஒரு கணக்கைச் சோதிடரிடம் கொடுத்தால் பரிகாரம் சொல்லாமல் விடமாட்டார்.

சரி, ருவா மோசமான ஆட்டக்காரரா? இல்லவே இல்லை. ஆறடி நான்கு அங்குலம், நடுவரிசை ஆட்டக்காரர், 2023-இல் வேகஸ் அணியுடன் கிண்ணம் வென்றவர், ஆண்டுக்கு 3 மில்லியன் டொலர்தான் அணியின் சம்பளக் கணக்கில் ஏறும். ஆனால் மார்னர் லீஃப்ஸுக்காக 657 ஆட்டங்களில் 741 புள்ளிகள் (அடித்த கோல்களும் கோலுக்குச் செய்த உதவிகளும்) எடுத்தவர். அணியின் நூறாண்டு வரலாற்றிலேயே அவருக்கு முன்னால் நான்கு பேர்தான். கடைசிப் பருவத்தில் மட்டும் 102 புள்ளிகள். மாமரத்தைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, நல்ல முருங்கைக் கன்று ஒன்று வாங்கி வந்திருக்கிறோம். முருங்கையும் பயன்படும்தான்.

[திரையில்: கல்குலேட்டர்]

இனி வரி. இதைச் சொல்லத்தான் நான் மூன்று நாளாகத் தூங்காமல் கணக்குப் போட்டேன், ஆகவே நீங்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோவில் வருமான வரியின் உச்சப் படி 53.53 சதவீதம். லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடாவில் மாநில வருமான வரியே கிடையாது. அமெரிக்க மத்திய அரசின் உச்சப் படி 37 சதவீதம். 12 மில்லியனையும் இந்த உச்சப் படியிலேயே வைத்துக் குத்துமதிப்பாகப் பார்த்தால், வேகஸில் கையில் நிற்பது சுமார் 7.5 மில்லியன். ரொறன்ரோவில் சுமார் 5.6. ஆண்டுக்கு ஏறக்குறைய 2 மில்லியன் வித்தியாசம், எட்டு ஆண்டுக்கு 16. அதே தொகை ரொறன்ரோவில் கையில் நிற்கவேண்டுமென்றால் மார்னருக்கு ஆண்டுக்கு 16 மில்லியனுக்கு மேல் கொடுக்கவேண்டும். 2025-26 பருவத்தில் லீக்கிலேயே அதிகம் பெறும் லியோன் டிரைசைட்டிலுக்கே 14 தான்.

உண்மையில் இவ்வளவு நேர்க்கோடாக இருக்காது. வெளியூரில் ஆடும் ஆட்டங்களுக்கு அந்தந்த ஊர் வரி பிடிக்கும். கையெழுத்து முன்பணத்துக்கு வேறு விதி உண்டு. அந்த விதியை வைத்துத்தான் நம்முடைய ஜோன் டவாரஸே வரி நீதிமன்றத்துக்குப் போனார்! 2018-இல் லீஃப்ஸில் சேர்ந்தபோது அவர் பெற்ற முன்பணம் 15.25 மில்லியன் அமெரிக்க டொலர். அப்போது அவர் அமெரிக்காவில் குடியிருந்தவர், ஆகவே இரு நாட்டு ஒப்பந்தப்படி 15 சதவீதம் வரி போதும் என்பது அவர் தரப்பு. அது சம்பளம்தான், முழு வரி கட்டு என்பது கனடிய வருமான வரித்துறை. வட்டியுடன் சேர்த்து ஏறக்குறைய 8 மில்லியன் கனடிய டொலர் கேட்டார்கள். ஏப்ரல் மாதத்தில் வரிப் படிவத்தோடு மல்லுக்கட்டும் எனக்கு இதைப் படித்தபோது ஓர் அற்ப சந்தோஷம் வந்ததை ஒத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. 2025 வரையான கடைசி ஆறு கிண்ணங்களைப் பாருங்கள். 2020, 2021 டாம்பா பே. 2022 கொலராடோ. 2023 வேகஸ். 2024, 2025 புளோரிடா. கொலராடோவைத் தவிர மற்ற ஐந்தும் மாநில வருமான வரி இல்லாத இடங்களுக்குப் போயிருக்கின்றன. 2025 மார்ச் மாதம், கரோலைனா அணியின் மிக்கோ ரன்டனெனை எடுத்து மார்னரைக் கொடுக்கப் பேச்சு நடந்தது, மார்னர் மறுத்துவிட்டார் என்று செய்திகள் வந்தன அல்லவா? அந்த ரன்டனென் கடைசியில் எங்கே போனார்? டெக்சாஸின் டல்லாஸ். அங்கும் மாநில வருமான வரி இல்லை. ஒப்பந்தம்? எட்டு ஆண்டுகள், 96 மில்லியன். அச்சு அசல் அதே தொகை.

இதைக் கேட்டுவிட்டு "பார்த்தாயா, வரிதான் காரணம், அணியில் தவறே இல்லை" என்று கருத்துப் பகுதிக்கு ஓடுகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். லீஃப்ஸ் கிண்ணம் பார்த்து 58 ஆண்டுகள் ஆகின்றன. புளோரிடா பாந்தர்ஸ் பிறந்ததே 1993-இல். வேகஸ் அணி பனியில் இறங்கியது 2017-இல். அவை பிறக்குமுன்பே நாம் தோற்கத் தொடங்கிவிட்டோம். அதற்கு வரித்துறை என்ன செய்யும்?

இப்போது தலைப்புக்கு வருகிறேன். மார்னரை எப்போது இழந்தோம்?

2023 ஜூலை 1. அன்றுதான் அவருடைய ஒப்பந்தத்தில் இருந்த இடமாற்றத் தடை நடைமுறைக்கு வந்தது. அதாவது, அவர் சம்மதிக்காமல் அவரை எந்த அணிக்கும் அனுப்ப முடியாது. அதற்கு முன், இரண்டு ஆண்டுகள் மீதமிருந்த ஒப்பந்தத்தோடு, அவருக்கு எந்த அணியும் வாரி வழங்கியிருக்கும். ஆனால் அந்த ஆண்டு மே மாதம் பொது மேலாளர் கைல் டூபாஸை அனுப்பினார்கள். மே 31 அன்று பிராட் டிரெலிவிங் வந்தார். வந்து நாற்காலி சூடாவதற்குள், ஒரே மாதத்தில் கதவு பூட்டப்பட்டது. சாவி மார்னரின் சட்டைப்பையில். 2025 ஜூன் 30-இல் நாம் பார்த்தது வியாபாரம் அல்ல. அன்று ரசீது மட்டும்தான் வந்தது.

மார்னரைத் திட்டுகிறவர்களுடன் நான் ஒத்துப்போகாதது இந்த இடத்தில்தான். ஒரு மனிதனுக்கு எழுத்தில் ஓர் உரிமையைக் கொடுத்துவிட்டு, அதை அவன் பயன்படுத்தினான் என்று கோபப்படுவது என்ன நியாயம்?

டிரெலிவிங்குக்கு இது புதிதும் அல்ல. 2022-இல் அவர் கல்கரி அணியின் பொது மேலாளர். அந்தக் கோடையில், இப்போது நம்மிடையே இல்லாத ஜொனி கோட்ரோ, ஒப்பந்தம் முடிந்து கொலம்பஸுக்குப் போனார். கல்கரிக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. சில நாட்களில் மத்தியூ கச்சக்கும் நீண்டகாலம் இருக்கமாட்டேன் என்றார். சுட்டுக்கொண்ட கையல்லவா, டிரெலிவிங் உடனே அவருடன் எட்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டு வேறு அணிக்கு அனுப்பினார். ஆம், அதே சீதனக் கல்யாணம்! அனுப்பிய இடம் எது?

புளோரிடா. அந்தக் கச்சக் 2024-இலும் 2025-இலும் கிண்ணம் தூக்கினார். இடையில், மே 18 அன்று, டிரெலிவிங்கின் புதிய அணியை அதன் சொந்த அரங்கில் 6-1 என்று தோற்கடித்த அணியிலும் அவர் இருந்தார். ஊழ்வினை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்தால் எனக்கு அனுப்பிவையுங்கள்.

[திரையில்: மற்றவர்கள்]

மற்ற நகர்வுகள், ஓடிக்கொண்டே. இளைஞர் மத்தியூ நைஸுக்கு ஆறு ஆண்டு, ஆண்டுக்கு 7.75 மில்லியன்: இந்தக் கோடையின் மிக நல்ல காரியம், இரண்டு ஆண்டில் மலிவாகத் தெரியும். யூட்டாவிலிருந்து மட்டியாஸ் மச்செலி: 2023-24 பருவத்தில் 57 புள்ளி, அடுத்த பருவத்தில் 18, லொத்தர் சீட்டு, ஆனால் விலை குறைவு. வன்கூவரிலிருந்து டக்கோட்டா ஜோஷுவா: 2014-இல் லீஃப்ஸே தேர்ந்தெடுத்து, ஒருநாளும் ஆடவிடாமல் அனுப்பிய பிள்ளை, பதினோரு ஆண்டு கழித்து வீடு திரும்புகிறார், 2024-இல் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்துப் பனிக்குத் திரும்பியவர். சண்டைக்காரர் ரயன் ரீவ்ஸ் சான் ஹோசேக்குப் போனார். அவர் ஆட்டத்தைவிட அவர் பேட்டிகளைத்தான் நான் தேடுவேன்.

டவாரஸைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு 11 மில்லியன் வாங்கியவர், 2024-25 பருவத்தில் 38 கோல் அடித்த பிறகும், நான்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 4.4 மில்லியன் வீதம் கையெழுத்திட்டார். அப்போது 34 வயது. ரொறன்ரோவுக்குப் பக்கத்து மிசிசாகாவில் பிறந்தவர், ஊரை விட்டுப் போக மனமில்லை. வரி நீதிமன்றச் சிரிப்பை இதற்காகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இதனால் பானையில் சோறு எப்படி மாறியது என்று பாருங்கள். ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2024-25 பருவத்தில் 88 மில்லியன். அதில் மத்தியூஸ், நைலாண்டர், டவாரஸ், மார்னர் நால்வருக்கு மட்டும் சுமார் 46.7, அதாவது பாதிக்கு மேல். பந்தியில் முதல் நான்கு இலைக்கே பாதி அண்டா காலியானால், கடைசி இலைக்காரனுக்கு ரசம்தான். 2025-26 பருவத்தில் வரம்பு 95.5, மார்னரின் இடத்தில் நைஸை வைத்துக் கூட்டினால் நால்வருக்கும் சுமார் 37. நாற்பது சதவீதம்கூட இல்லை. அகலமான அணி, மூன்றாம் நான்காம் வரிசையிலும் எலும்பு இருக்கிறது. காகிதத்தில் இது பிளேஓஃப் ஆட்டத்துக்கு ஏற்ற அணி. ஆனால் ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை 82 ஆட்டம் ஆடவேண்டுமே, அந்த 102 புள்ளிகளை யார் எடுப்பார்கள்? ருவா, மச்செலி, ஜோஷுவா மூவரையும் கூட்டினால் வந்துவிடும் என்கிறார்கள் என் நண்பர்கள். மூன்று பேர் சேர்ந்து மெதுவாகப் பாடினால் ஒரு பாடகர் ஆகிவிடமாட்டார் என்பது என் கருத்து. என் கணிப்பு: பிளேஓஃப் போவோம், ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு.

அக்டோபர் 8 அன்று மொன்றியலுடன் முதல் ஆட்டம். ஆனால் நான் நாட்காட்டியில் வட்டமிட்டிருப்பது 2026 ஜனவரி 23. அன்று வேகஸ் அணி ரொறன்ரோ வருகிறது. மார்னர் பிறந்தது ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில். அங்கே தமிழ்க் கடையில் கொத்துரொட்டி வாங்க நிற்கும் வரிசையிலேயே இதைப் பற்றி இரண்டு கட்சி இருக்கிறது. கூச்சலிடுவதா, கைதட்டுவதா? முதல் முறை பக்கை (பந்துக்குப் பதில் ஆடும் வட்டை) அவர் தொடும்வரை கைதட்டிவிட்டு, தொட்ட பிறகு கூச்சலிடலாம் என்பது என் திட்டம். உங்கள் திட்டத்தைக் கீழே எழுதுங்கள். அம்மாவிடமும் கேட்டேன். "அந்தப் பிள்ளை வந்தால் வரட்டும், தம்பி. ரூவா அன்றைக்கு கோல் அடிப்பானா, அதைச் சொல்லு" என்றார்.